மாகாண அரசும் ஒரு மரக்கரண்டியும்

அந்த ஊரில் விளக்கு மங்கினால் யாரும் யாரையும் திட்ட மாட்டார்கள். எட்டி ஒரு சுவிட்சை அணைப்பார்கள், அவ்வளவுதான். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் எச்சில் கையை மடக்கிக்கொண்டு முழங்கையால் அணைப்பார். கட்டிலில் கிடப்பவர் கால் கட்டைவிரலால் அணைப்பார். இப்படி நாற்பது ஐம்பது வீட்டில் ஆளுக்கொரு விளக்குப் போனதும், ஊருக்குக் கீழே ஓடையோரம் இருக்கும் பவர்ஹவுஸில் டீசல் இஞ்சின் திணறலை விட்டு மூச்சுப் பிடித்துக்கொள்ளும். மிச்ச விளக்குகள் பழையபடி எரியும். இதை யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. மாகாண அரசு சுற்றறிக்கை விடவில்லை. இஞ்சினுக்கு வயசாக ஆக ஊரின் கைக்குத் தானாக வந்த பழக்கம் அது. வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வருகிற மருமகள்களுக்குக்கூட மூன்று மாதத்தில் வந்துவிடும்.

இஞ்சினை ஓட்டுகிறவரை ஊரில் கரண்டுக்காரர் என்பார்கள். அவர் மனைவி கரண்டுக்காரம்மா. இருபத்தாறு வருஷமாக அவர் விடியற்காலை ஐந்து மணிக்கு இஞ்சினை எழுப்பி எட்டுக்கு நிறுத்துவார். சாயங்காலம் ஐந்தரைக்கு மறுபடி எழுப்பிப் பத்துக்கு நிறுத்துவார். ஞாயிறு கிடையாது, நல்லது கெட்டது கிடையாது. வீட்டுக்கும் பவர்ஹவுஸுக்கும் நடுவே பதினொரு தப்படி ஈரமண். அந்த மலைப் பக்கத்தில் வருஷத்தில் எட்டு மாதம் தூறல்தான். அந்தச் சேற்றில் டீக் கெட்டிலோடு கரண்டுக்காரம்மா நடந்து நடந்து ஒரு தடமே விழுந்துவிட்டது.

பவர்ஹவுஸ் கதவுக்கு மேலே சிவப்புப் பெயின்டில் ஒரு பலகை உண்டு. "பணியாளர் அல்லாதோர் இயந்திரத்தைத் தொடக் கூடாது." அதன் கீழேதான் அவள் தினமும் போய்வருவாள். போய்ச் சும்மா டீ கொடுத்துவிட்டு வருகிறவளா என்றால், அதுதான் இல்லை.

இஞ்சினுக்கு ஒரு வியாதி இருந்தது. டீசலைக் கூட்டிக் குறைக்கிற கம்பி ஒன்று, ஊரில் விளக்குகள் கூடும்போது தானாக மேலே ஏற வேண்டும். அது பாதியில் சிக்கிக்கொள்ளும். சத்தம் கனத்து இறங்கும், விளக்கு மங்கும். அப்போது அந்தக் கம்பியை ஒரு தட்டுத் தட்டி மெல்ல மேலே தள்ளிவிட வேண்டும். இரும்பால் தட்டினால் ஒடிந்துபோகும். கையால் தொட்டால் தோல் பொசுங்கும். ரப்பர், தடிக்குச்சி, பழைய செருப்பு எல்லாம் பார்த்த பிறகு கடைசியில் சரிப்பட்டு வந்தது கரண்டுக்காரம்மாவின் மரக்கரண்டிதான். சமையலறையை விட்டுப் போன கரண்டி திரும்பி வரவே இல்லை. கரண்டுக்காரர் அதை இஞ்சின் பக்கத்துச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டுவிட்டார். எப்போது தட்டுவது, எவ்வளவு தள்ளுவது என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவருக்குத்தான் சம்பளம். ஒரு மழைக்காலத்தில் அவர் ஒன்பது நாள் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது ஊருக்கு ஒரு நிமிஷம் விளக்கு நிற்கவில்லை. பதிவேட்டில் அவர் எழுத்துதான் இருந்தது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழகாக.

அவர்களுக்கு ஒரே மகள். அவளைப் பாப்பா என்றுதான் இன்றைக்கும் கூப்பிடுவது. தாலாட்டுக்கு வேலை வைக்காத பிள்ளை அது. இஞ்சின் ஓடும்வரை அடித்துப் போட்டதுபோலத் தூங்கும். சத்தம் கொஞ்சம் இறங்கிவிட்டால் வீல் என்று எழுந்துகொள்ளும். பத்து மணிக்கு நிறுத்திய பிறகு அரை மணி நேரம் மடியில் போட்டு டுக்கு டுக்கு என்று முதுகில் தட்டிக்கொடுக்க வேண்டும். அதனால் சத்தம் இறங்கப் போகிறது என்பது முதலில் தெரிவது அம்மாவின் காதுக்குத்தான். பிள்ளை எழுவதற்குள் ஓடிப்போய்க் கம்பியைத் தள்ளிவிடுவாள். மகள் வளர்ந்து, கல்யாணமாகி, ஒன்றரை நாள் பஸ் தூரத்தில் இருக்கும் பெரிய ஊருக்குப் போன பிறகும் அந்தக் காது பழக்கத்தை விடவில்லை.

மகளின் கல்யாணம் பெரிய ஊரில்தான் நடந்தது. இரண்டு பேரும் போக முடியாது. இஞ்சினை வேலையில் இல்லாத ஆளிடம் விட்டுப் போனது தெரிந்தால் வேலையும் போகும், வேலையோடு வீடும் போகும். கரண்டுக்காரம்மா மட்டும் போனாள். போட்டோ எடுத்தவன் அப்பாவுக்கென்று இடம் விட்டு நிறுத்தினான். யாரும் வந்து நிற்கவில்லை, அவனும் விட்ட இடத்தோடேயே எடுத்துவிட்டான். அந்தப் போட்டோ வீட்டில் மாட்டியிருக்கிறது. கரண்டுக்காரர் அந்தப் பக்கம் தலை வாரிக்கொள்ளக்கூடப் போக மாட்டார்.

ஊரில் செல்போன் கோபுரம் ஓடுவதும் அதே இஞ்சினில்தான். அதனால் மகள் சாயங்காலத்தில்தான் கூப்பிடுவாள். இஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று கரண்டுக்காரம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள்.

"அம்மா, இஞ்சின் நல்லா இருக்கா?" முதல் கேள்வி எப்போதும் அதுதான். அதில் ஒரு குத்தல் இருக்கும்.

"அதுக்கென்ன, இருக்கு. உனக்குக் கால் வீக்கம் வடிஞ்சுதா?"

"பரவாயில்ல. டாக்டர் இன்னும் ஏழு வாரம்ங்கறாங்க."

"அப்பாகிட்ட குடுக்கட்டுமா?"

"வேண்டாம், வேலையா இருப்பாரு." கொஞ்சம் பொறுத்து, "அம்மா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. பிரசவத்துக்கு நீ மட்டும் வர்றதா இருந்தா வர வேண்டாம். அத்தை இருக்காங்க, பாத்துக்குவாங்க. வந்தா ரெண்டு பேரும் வாங்க. முடியாதுன்னா அப்பாவை அனுப்பு."

"பிரசவத்துக்கு அப்பாவையா? அவருக்கு என்னடி தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேண்டாம். வந்து நிக்கட்டும். ஒரு தடவையாவது இஞ்சினை விட்டுட்டு எனக்காக வந்து நிக்கட்டும். இல்லேன்னா பிள்ளைக்குத் தாத்தா ஒரு இஞ்சின்னு சொல்லிட்டுப் போறேன்."

மகள் போனை வைத்துவிட்டாள். கரண்டுக்காரர் முதுகைக் காட்டி நின்று எண்ணெய்க் குச்சியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த குச்சியையே மறுபடி மறுபடி துடைத்தார். எல்லாம் காதில் விழுந்துவிட்டது என்று கரண்டுக்காரம்மாவுக்குத் தெரிந்தது.

அந்த வாரம்தான் கடைக்காரர் அந்தச் சேதியைக் கொண்டுவந்தார். ஊரில் மளிகைக் கடையும் மாவு மில்லும் வைத்திருக்கிற அவருக்கு, எங்கே என்ன நடந்தாலும் முதலில் மூக்கில் வியர்த்துவிடும்.

"அக்கா, மாகாண அரசு நிதிக் குழு நம்ம ஊருக்கு வருது. எந்த ஊருக்கு என்ன செய்யறதுன்னு நேர்ல பாத்து முடிவு பண்ணப் போறாங்களாம். புது இஞ்சின் கேட்டு நாம எழுதிப் போட்டது உயிரோட இருக்கு."

"அது போட்டு ஒன்பது வருஷம் ஆச்சே, அண்ணே."

"அரசாங்கத்துக்கு ஒன்பது வருஷம் நமக்கு ஒன்பது நாள். புது இஞ்சின் வந்தா அது பட்டனை அமுக்கினா ஓடும். கூட ரெண்டு ஆளும் போடுவாங்க. மாமா கையை வீசிக்கிட்டுப் பெரிய ஊருக்குப் போலாம், நீயும் போலாம்."

"அவங்க அங்க ஏதோ புதுச் சபைக் கட்டடம் கட்டுறதுல பணத்தைக் கொட்டுறாங்கன்னு சொன்னாங்களே?"

"அதுவும் நடக்குது. ரெண்டு மாடிக் கட்டடம், அதுக்கு லிஃப்ட்டு வேணுமாம். ஏறுறதுக்குள்ள இறங்கிடலாம். சரி, அதை விடு. நமக்கு வேண்டியது ஒண்ணுதான். அவங்க வந்து நிக்கிற நேரத்துல இந்தக் கிழட்டு இஞ்சின் அவங்க கண்ணெதிர்ல மூச்சு முட்டி நின்னு போகணும்."

கடையில் கூடி யோசனை செய்தார்கள். சாயங்காலம் ஆறரை மணிக்கு ஊரில் உள்ள அத்தனை விளக்கையும், இஸ்திரிப் பெட்டியையும், தண்ணீர் சுட வைக்கிற கம்பியையும் ஒரே நேரத்தில் போட வேண்டும். மாவு மில்லையும் ஓட்ட வேண்டும். இஞ்சின் தாங்காது, படுத்துவிடும். குழு வாயடைத்துப் போகும். பேஷ் பேஷ் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். இஸ்திரிப் பெட்டி இல்லாத வீட்டுக்கு இரண்டு வைத்திருக்கிற வீட்டிலிருந்து இரவல்கூட ஏற்பாடாயிற்று.

கரண்டுக்காரரை வழிக்குக் கொண்டுவருவதுதான் கரண்டுக்காரம்மாவுக்குப் பெரும்பாடாக இருந்தது.

"என் கண்ணு முன்னாடி அதை நிக்க விடச் சொல்றியா?"

"ஒரு தடவைதான். நீங்க எதையும் கெடுக்க வேண்டாம். கரண்டியைத் தொடாம இருந்தா போதும்."

"கையைக் கட்டிக்கிட்டுச் சும்மா நிக்கணும்."

"அதேதான்."

"இந்த இருபத்தாறு வருஷத்துல நீ சொன்னதுலயே கஷ்டமான வேலை இதுதான்."

"பாப்பா மேல சத்தியம் பண்ணுங்க."

அவர் கொஞ்ச நேரம் இஞ்சினைப் பார்த்தார். பிறகு பண்ணினார்.

குழு ஒரு வியாழக்கிழமை நாலு மணிக்கு ஜீப்பில் வந்து இறங்கியது. குழு என்றால் இரண்டே பேர்தான். ஒருவர் தலைவர், கோட்டும் கொட்டாவியுமாக இருந்தார். இன்னொருவர் நிதி அதிகாரி, ஐம்பது வயசு அம்மாள். சேற்றைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு கரண்டுக்காரம்மாவின் தடத்திலேயே நடந்து வந்தார். அந்த ஒன்றிலேயே கரண்டுக்காரம்மாவுக்கு அவரைப் பிடித்துப்போனது. இருவரையும் உட்காரவைத்து, அவித்த முட்டையும் சூடான டீயும் கொடுத்தாள்.

"ஊர்ல என்ன குறை சொல்லுங்கம்மா" என்றார் தலைவர், முட்டையை உரித்துக்கொண்டே.

மூன்று வாரமாக ஒத்திகை பார்த்தது அத்தனையும் அவள் தொண்டை வரை வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து முட்டை தின்கிற மனிதரிடம் எப்படிக் குறை சொல்வது?

"ஒரு குறையும் இல்லீங்க. இன்னொரு முட்டை வைக்கவா?"

கதவோரம் நின்ற கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். பரவாயில்லை, ஆறரை மணி இருக்கிறது என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

ஐந்தரைக்கு எல்லோரும் பவர்ஹவுஸுக்குப் போனார்கள். கரண்டுக்காரர் இஞ்சினை எழுப்பி, சூடேற விட்டு, ஊருக்கான சுவிட்சைத் தூக்கிப் போட்டார். ஜன்னல் வழியாக மேட்டில் ஊர் முழுக்கத் தெரிந்தது. தூறலுக்குள் ஒவ்வொரு வீடாக வெளிச்சம் பிடித்தது. தலைவர் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். ஆறரை ஆயிற்று.

ஊரே ஒரே நொடியில் சுவிட்சைப் போட்டது. மாவு மில் ஓடத் தொடங்கியது. இஞ்சின் ஒரு குலுங்கு குலுங்கிற்று. கம்பி பாதி ஏறிச் சிக்கிக்கொண்டது. சத்தம் கனத்தது, இறங்கியது, இன்னும் இறங்கியது. பல்பு பழுத்த மஞ்சளாக மாறியது. தலைவர் நிஜமாகவே பயந்து ஓரடி பின்னால் போனார். கரண்டுக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, நெற்றியில் வேர்வை வழிய நின்றார். சத்தியத்தை அவர் காப்பாற்றினார். அதில் ஒரு குறை சொல்ல முடியாது.

கம்பியை யாரோ தட்டும் சத்தம் கேட்டது. யார் அது என்று கரண்டுக்காரம்மா திரும்பிப் பார்க்கப் போனவள், மரக்கரண்டி தன் கையில் இருப்பதைப் பார்த்தாள். எப்போது ஆணியிலிருந்து எடுத்தாள், எப்போது தட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. சத்தம் இறங்கிற்று, கை ஓடிவிட்டது. கம்பி நகர்ந்து ஏறியது. அது மட்டுமா? ஜன்னலுக்கு வெளியே மேட்டில் ஒரு விளக்கு அணைந்தது. அடுத்து ஒன்று, அதற்கடுத்து நாலு. சிக்கியது இஞ்சின், மங்கியது வெளிச்சம் என்றதும், திட்டம் போட்ட அத்தனை பேரும் திட்டத்தை மறந்து பழைய ஞாபகத்தில் எட்டி ஆளுக்கொன்றை அணைத்துவிட்டார்கள். மாவு மில்லும் நின்றது. அதை ஓட்டிக்கொண்டிருந்தது கடைக்காரரின் மனைவி. அவளுக்கும் அதே கைதானே. இஞ்சின் மூச்சைப் பிடித்து, சும்மா ஜம்மென்று ஓட ஆரம்பித்தது.

"அடேயப்பா!" என்றார் தலைவர். பஞ்சை எடுத்துவிட்டுக் கைதட்டினார். "இவ்வளவு சுமையைத் தாங்கிட்டு நிக்குதே. இன்னும் பத்து வருஷத்துக்கு அசைக்க முடியாது. இதையா பழசுன்னு எழுதினீங்க?"

கரண்டுக்காரர் கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தார், அவள் கையில் இருந்த கரண்டியைப் பார்த்தார். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று அவர் வாயோரத்தில் வந்து போனது. கரண்டுக்காரம்மாவுக்கு மகள் சொன்னது ஒவ்வொரு வார்த்தையாக ஞாபகம் வந்தது. பாவி, நானே கெடுத்தேனே என்று நினைத்துக்கொண்டாள்.

நிதி அதிகாரி அம்மாள் மட்டும் ஜன்னலோரம் நின்று மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாசலுக்குப் போய், கதவுக்கு மேலே இருந்த சிவப்புப் பலகையை நிதானமாக ஒரு தடவை படித்தார். படித்துவிட்டுக் கரண்டியைப் பார்த்தார்.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டுக்கொண்டு கரண்டுக்காரம்மாவின் பின்னாலேயே சமையலறைக்கு வந்துவிட்டார். தண்ணீரைக் குடித்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

"அம்மா, நீங்க வேலையில இருக்கீங்களா?"

"இல்லீங்க. ஏதோ கை பட்டுடுச்சு. அவரு ஒரு தப்பும் பண்ணலைங்க."

"அந்த வீடுகள்ல எதுக்கு விளக்கை அணைச்சாங்க?"

"இஞ்சின் கஷ்டப்படுதில்லீங்களா? அதான் ஒரு கை குடுக்கிறாங்க."

"யார் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லலைங்களே."

அந்த அம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார். "பத்து வருஷமா இந்த வேலையில இருக்கேன். எந்த ஊர்லயும் இதைப் பார்த்ததில்ல. எங்க சபையில லிஃப்டுக்கு ஏழு கூட்டம் போட்டாங்க. உங்க ஊரைப் பத்திப் பேச அரை மணி நேரம் குடுத்தாங்க."

"எங்க பேரு வரிசையில எத்தனாவதுங்க?"

"பதினொண்ணு."

"மொத்தம் எத்தனை?"

"பதினொண்ணு."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து ஓய்ந்ததும் அந்த அம்மாள் உள்ளதைச் சொன்னார். "நான் பொய் சொல்ல மாட்டேன். லிஃப்டை நிறுத்தினாலும் அந்தப் பணம் முதல்ல போக வேண்டிய இடம் வேற. கீழ்ப் பள்ளத்தாக்குல ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூரை இடிஞ்சு விழுந்துடுச்சு. தொண்ணூறு பிள்ளைங்க மரத்தடியில உக்காந்து படிக்குது. மழை வந்தா லீவு."

இந்த மழையிலா என்றுதான் கரண்டுக்காரம்மாவுக்கு முதலில் தோன்றியது. "அய்யோ, அதை முதல்ல பாருங்க. அதுக்கு முன்னாடி எங்க இஞ்சின் என்னங்க" என்று சொல்லியும் விட்டாள். சொன்ன பிறகுதான் தன் வாயாலும் கெடுத்துக்கொண்டோம் என்பது உறைத்தது. முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்ன ஏது என்று அந்த அம்மாள் கேட்க, மகள், போட்டோ, பிரசவம் என்று எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள்.

அந்த அம்மாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "அந்தக் கரண்டி உங்களோடதா, ஆபீசோடதா?" என்று மட்டும் கேட்டார்.

"என்னோடதுங்க."

"ம்" என்றுவிட்டுப் போய் ஜீப்பில் ஏறினார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அந்த வீட்டில் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. பலகையைப் படித்தாரே, கரண்டியைப் பார்த்தாரே, வேலையை விட்டு நீக்கி உத்தரவு வரப் போகிறது என்று கரண்டுக்காரம்மா ஒவ்வொரு பஸ் நாளும் சாலையோரம் போய் நின்றாள். கடைக்காரருக்கு ஊரே தன் திட்டத்தைக் கவிழ்த்துவிட்ட கோபம். அதிலும் சொந்த மனைவி மில்லை நிறுத்தியதை அவரால் தாங்க முடியவில்லை. நாலு நாள் வீட்டில் பேசவில்லை. கரண்டுக்காரர்தான் ஒன்றும் நடக்காததுபோல இருந்தார்.

"சத்தியம் பண்ணினவன் சும்மா நின்னேன். சத்தியம் வாங்கினவ கரண்டியைத் தூக்கிட்டா" என்பார், வருகிறவர் போகிறவரிடமெல்லாம்.

"தமுக்கு அடிச்சுச் சொல்லுங்க, ஊருக்கே கேக்கட்டும்" என்பாள் அவள். ஆனாலும் அவர் அப்படிக் கேலி செய்வது அவளுக்கு ஒரு தெம்பாக இருந்தது.

நாலாவது வாரம் செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் உறை வந்தது. மாகாண முத்திரை போட்ட உறை. கரண்டுக்காரம்மா பிரிக்கவில்லை. கடைக்காரர்தான் பிரித்துப் படித்தார். புது இஞ்சின் இந்த ஆண்டு இல்லை. பள்ளிக்கூடக் கூரைக்கு ஒப்புதல். லிஃப்ட் தள்ளிவைப்பு. அடுத்த பக்கத்தைத் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

"அக்கா, உக்காரு."

"படிங்கண்ணே, எதுவானாலும் தாங்கிக்கறேன்."

"பவர்ஹவுஸுக்கு உதவி ஆப்பரேட்டர் வேலை ஒண்ணு புதுசா போட்டிருக்காங்க. ஏற்கெனவே வேலை தெரிஞ்ச ஆளுன்னு உன்னைச் சொல்லியிருக்கு. கடிதம் கைக்கு வந்த நாள்லேருந்து சேர்ந்ததா எடுத்துக்கணுமாம். கீழே கருவிகள்னு ஒரு வரி இருக்கு. மரக்கரண்டி, ரெண்டு. ஒண்ணு வீட்டுக்குத் திருப்பித் தரணும்னு கையால எழுதியிருக்கு."

அவள் அந்தத் தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அழவேண்டும் போலவும் இருந்தது, யாரையாவது ஒரு அடி வைக்கவேண்டும் போலவும் இருந்தது. இருபத்தாறு வருஷம் பலகைக்குக் கீழே திருட்டுத்தனமாகப் போய்வந்த பெண், இனி தலை நிமிர்ந்து போகலாம். ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து மகளிடம் போகிற வழியும் அதே தாளில் அடைபட்டுப் போயிருந்தது.

கரண்டுக்காரர் படித்துவிட்டு, "அப்ப நீ கிளம்பு. வெள்ளிக்கிழமை பஸ்" என்றார்.

"நான் எதுக்குக் கிளம்பறேன்? நான் வேலைக்குச் சேர்ந்தே அரை மணி நேரம்தான் ஆகுது. எனக்கு லீவு கிடையாது. உங்களுக்குத்தான் இருபத்தாறு வருஷ லீவு இருக்கு."

"விளையாடாதே. பிள்ளை பெறப் போறவளுக்கு அம்மா வேணுமா, அப்பன் வேணுமா? நான் போய் அங்க என்னத்தைப் பண்ணுவேன்?"

"போய் நில்லுங்க. அவ கேட்டது அதைத்தான்."

"உனக்கு ஆசை இல்லையா?"

அவளுக்கா ஆசை இல்லை? முதல் பேரக் குழந்தையைக் கையில் வாங்க எத்தனை நாள் மனசுக்குள்ளேயே பழைய துணிகளை மடித்து வைத்திருக்கிறாள். "இருக்கு" என்றாள். "எனக்குக் கல்யாணம் பார்த்த கண்ணு இருக்கு. உங்களுக்கு என்ன இருக்கு? அந்தப் போட்டோ பக்கம்கூடப் போக மாட்டேங்கறீங்க. போயிட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் இஞ்சினை நிறுத்தி, அதை ஒரு தடவை துணியால் துடைத்து, அவளிடம் பதினேழு எச்சரிக்கைகள் சொல்லிவிட்டு பஸ் ஏறினார். பதினேழும் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். எல்லாவற்றுக்கும் ம் கொட்டினாள். பஸ் வளைவில் திரும்பும்வரை அவர் தலை ஜன்னலுக்கு வெளியே பவர்ஹவுஸ் பக்கம்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் எண்ணெய் பார்த்து, டீசல் பார்த்து, ஐந்தரைக்கு இஞ்சினை எழுப்பினாள். சுவிட்சைத் தூக்கிப் போட்டுவிட்டு ஜன்னல் வழியே பார்த்தால் ஊர் பாதி இருட்டாக இருந்தது. வீட்டுக்கு ஒரு விளக்குத்தான் எரிந்தது, சில வீட்டில் அதுவும் இல்லை. அவளுக்குக் கஷ்டம் கொடுக்கக் கூடாது என்று ஊரே கூடிப் பேசி வைத்திருந்தது. புரிந்ததும் அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. வெளியே வந்து, மேட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"போடுங்கய்யா லைட்டை! நான் என்ன பொம்மையா ஓட்டறேன்?"

மேட்டில் கடைக்காரர் வீட்டில் முதலில் ஒன்று எரிந்தது. அப்புறம் எல்லா வீட்டிலும் எரிந்தது. அவள் உள்ளே போய்க் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் ராத்திரி ஒன்பது மணி வாக்கில் அவர் போன் செய்தார்.

"இஞ்சின் எப்படி இருக்கு?"

"முதல்ல பொண்ணைச் சொல்லுங்க."

"பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருந்தா, அவ்வளவு பெரிய வயித்தைத் தூக்கிக்கிட்டு. எதுவும் பேசலை. சட்டையில டீசல் நாத்தம் அடிக்குதுப்பான்னா. அதைச் சொல்லிட்டே அழுதுட்டா. நானும்தான்."

அவர் போய்ச் சேர்ந்த ஐந்தாம் நாள் குழந்தை பிறந்தது, பெண். அதற்கு நாலு நாள் கழித்து, ஏழு மணி வாக்கில் மகள் கூப்பிட்டாள். பின்னால் குழந்தை கத்துகிற கத்தலில் அவள் பேசுவதே கேட்கவில்லை.

"அம்மா, தூங்கவே மாட்டேங்குதும்மா. அத்தை பாடிப் பாத்துட்டாங்க, அப்பா தோள்ல போட்டு நடந்து கால் வீங்கிப் போச்சு. ஒண்ணும் நடக்கலை."

"பசியா இருக்குமோ? வயிறு பாத்தியா?"

"எல்லாம் பாத்தாச்சு. அம்மா..." மகள் கொஞ்சம் தயங்கினாள். "போனைக் கொஞ்சம் இஞ்சின்கிட்ட பிடியேன். இந்த ஊர்ல எனக்கே ரெண்டு வருஷமா சரியாத் தூக்கம் வரலை. இப்பத்தான் ஏன்னு தெரியுது."

கரண்டுக்காரம்மா போனை இஞ்சின் பக்கம் நீட்டினாள். கண் எரிந்தது, புகையால் அல்ல. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். போனிலிருந்து வந்த கத்தல் தேய்ந்து விக்கலாகி நின்றது.

சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் கம்பி சிக்கிக்கொண்டது. சத்தம் கனத்து இறங்கியது. போனில் வீல் என்று ஒரு கத்தல் கேட்டது. இவள் ஒரு கையில் போனும் ஒரு கையில் கரண்டியுமாகப் பாய்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே மேட்டில் ஒரு விளக்கு அணைந்தது, அடுத்து ஒன்று, அடுத்து பத்து. எதற்கென்று தெரியாமலே ஊர் முழுக்க ஆளுக்கொன்றை எட்டி அணைத்தார்கள். அவள் ஒரு தட்டுத் தட்டி, மெல்ல, மெல்ல மேலே தள்ளினாள். இஞ்சின் மூச்சைப் பிடித்துக்கொண்டு பழையபடி ஓடியது. போனில் கத்தல் நின்றது.

பிறகு கரண்டுக்காரரின் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"தூங்கிட்டா."

"அப்ப போனை வைக்கவா?"

"வைக்காதேம்மா" என்றாள் மகள். "பத்து மணி வரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

கரண்டுக்காரம்மா போனை எண்ணெய் டின்னின் மேல் இஞ்சினைப் பார்க்கச் சாய்த்து வைத்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு, மரக்கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.